ஒரு பாட்டில் குளத்து நீர், ஒரு மாதம்

குளத்து நீரை ஒருநாள் நுண்ணோக்கியில் பார்த்தால் சில உயிர்கள் தெரியும். ஒரு மாதம் பார்த்தால், ஒரு கூட்டம் காலி செய்துபோன இடத்தில் இன்னொரு கூட்டம் குடியேறுவது தெரியும். அதைத் தவறவிடாமல் இருக்கச் சில யோசனைகள்.

செய்ய வேண்டியவை

1. வாயகன்ற பாட்டிலில் முக்கால் அளவு கரையோர நீர் எடுங்கள். கொஞ்சம் வண்டல், பாசி, அழுகிய இலை சேரட்டும். நுண்ணுயிர்கள் இவற்றை ஒட்டித்தான் அதிகம் வாழ்கின்றன. கொசு முட்டையிடாதபடி வாயை மெல்லிய துணியால் இறுகக் கட்டுங்கள்.

2. வெளிச்சம் வரும், நேர்வெயில் படாத ஜன்னலோரத்தில் வையுங்கள். பிறகு இடம் மாற்ற வேண்டாம்.

3. இன்னொரு பாட்டிலில் அதே நீரோடு நாலைந்து வைக்கோல் துண்டுகளைப் போடுங்கள். சில நாளில் நீர் கலங்கும். அது பாக்டீரியாவின் பெருக்கம். அதைத் தின்ன நுண்ணிய சாட்டையிழை உயிரிகளும் கோல்போடாவும் வரும். பின்னால் பாரமீசியம், அதற்கும் பின்னால் வார்ட்டிசெல்லா. இந்த வரிசையை அமெரிக்க விலங்கியலாளர் உட்ரஃப் 1912இல் விவரித்தார். உங்கள் பாட்டிலில் வரிசை மாறினால், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

4. மேற்பரப்பு, நடு, அடி என மூன்று இடத்திலும் பில்லரால் (சொட்டுக்குழாயால்) தனித்தனியே சொட்டு எடுங்கள். மூன்றிலும் ஒரே கூட்டம் இருக்காது.

5. 4 மடங்கு லென்ஸில் தேடி, 10க்குப் போய், கடைசியில் 40க்கு வாருங்கள். ஒளித்துளையைச் சற்றுக் குறைத்தால் கண்ணாடிபோல் இருக்கும் உடல்களின் விளிம்பு துலங்கும். பாரமீசியம் நில்லாமல் ஓடினால், சொட்டில் இரண்டு மூன்று பஞ்சிழைகளைப் போடுங்கள். சந்துக்குள் மாட்டிக்கொண்டு நிதானப்படும்.

6. அளவு பாருங்கள். பல நுண்ணோக்கிகளில் 10 மடங்கு லென்ஸின் காட்சிவட்டம் ஏறக்குறைய 1.8 மி.மீ. அகலம். அதில் ஏழில் ஒரு பங்கு நீளமுள்ள உயிர் கால் மி.மீ. இருக்கும்.

7. தேதி, நேரம், சொட்டு எடுத்த இடம், எண்ணிக்கை ஆகியவற்றை நோட்டில் எழுதுங்கள். ‘இன்று ஒன்றும் இல்லை’ என்பதையும் எழுதுங்கள். நேற்றுவரை இருந்தது எப்போது போனது என்று அந்த வரிதான் பிறகு சொல்லும்.

செய்யக்கூடாதவை

1. ஆவியாகிக் குறைந்த நீருக்குக் குழாய்நீரை ஊற்றாதீர்கள். குளோரின் கூட்டத்தையே கொன்றுவிடும். மழைநீர் போதும்.

2. வைக்கோலை அள்ளித் திணிக்காதீர்கள். பாக்டீரியா மிஞ்சிப்போய் ஆக்சிஜன் தீர்ந்தால், மிஞ்சுவது அழுகிய முட்டை நாற்றம்தான்.

3. 40 மடங்கு லென்ஸில் பெரிய திருகைத் தொடாதீர்கள். சொட்டை மூடும் மெல்லிய கண்ணாடியான கவர்ஸ்லிப்பில் லென்ஸ் இடிக்கும். நுண்திருகு மட்டும் போதும்.

4. நுண்ணோக்கியின் ஆடியைச் சூரியனுக்கு நேராகத் திருப்பாதீர்கள். கண் போய்விடும்.

5. காய்ந்துவரும் சொட்டில் கண்டதை இயல்பென்று எழுதாதீர்கள். நீர் வற்றும்போது உடல் நசுங்கி உருமாறும். நெடுநேரம் பார்க்க வேண்டுமானால் கவர்ஸ்லிப்பின் ஓரங்களில் வாஸ்லின் தடவுங்கள்.

6. சாக்கடை கலக்கும் நீரை எடுக்காதீர்கள். பில்லரை வாயால் உறிஞ்சாதீர்கள். வேலை முடிந்ததும் சோப்பால் கை கழுவாமல் எழாதீர்கள்.

7. மாதம் முடிந்ததும் மிச்ச நீரை வேறு குளத்தில் கொட்டாதீர்கள். அங்கே இல்லாத உயிர் குடியேறிவிடலாம். தொட்டிச்செடிக்கு ஊற்றுங்கள்.

8. பார்த்தவுடன் பெயர் சூட்டாதீர்கள். முதலில் உருவத்தையும் நடையையும் எழுதுங்கள். 1675இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் நுண்ணோக்கி ஆய்வாளர் லீவன்ஹூக், பாத்திரத்தில் சில நாள் கிடந்த மழைநீரைப் பார்த்தபோது, அதிலிருந்த உயிர்களுக்கு யாரும் பெயர் வைத்திருக்கவில்லை. கண்டதை அப்படியே எழுதினார். அவற்றுள் ஒன்று வார்ட்டிசெல்லா என்று பின்னால் வந்தவர்கள் கண்டுகொண்டது அந்த எழுத்தை வைத்துத்தான்.