வீட்டு சர்வரில் ஹார்டு டிஸ்க் காணாமல் போகிறதா?

ராஸ்பெர்ரி பையையோ பழைய லேப்டாப்பையோ சர்வராக ஓட்டுபவர்கள், யூஎஸ்பி ஹார்டு டிஸ்க்கை எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயரை நம்பி மவுண்ட் செய்யாதீர்கள். டிஸ்க் கண்ணில் பட்ட வரிசையில் லினக்ஸ் வைக்கும் பெயர் அது. அடுத்த பூட்டில் மாறலாம். ஃபார்மேட் செய்யும்வரை மாறாதது யூயூஐடி எண். 'பிஎல்கேஐடி' கட்டளை அதைக் காட்டும். எஃப்எஸ்டேப் கோப்பில் அதையே எழுதுங்கள்.

அதே வரியில் 'நோஃபெயில்' கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் டிஸ்க்கைக் கழற்றி வைத்திருக்கும்போது கரன்ட் போய் வந்தால், சர்வர் வழக்கமாக 90 விநாடி காத்துவிட்டு எமர்ஜென்சி மோடில் போய் நின்றுகொள்ளும். மானிட்டரே இல்லாத பெட்டிக்கு இது பெரிய தலைவலி. எழுதியதும் 'மவுண்ட் -ஏ' கொடுத்து, டிஸ்க் மவுண்ட் ஆகிறதா என்று பாருங்கள்.

பலர் கோட்டைவிடும் இடம் வேறு. டிஸ்க் மவுண்ட் ஆகாவிட்டாலும், அதை மவுண்ட் செய்வதற்கான ஃபோல்டர் அங்கேதான் இருக்கும். இரவு பேக்கப் சத்தமில்லாமல் அதற்குள், அதாவது மெமரி கார்டிலேயே எழுதி, கார்டை நிரப்பிவிடும். டிஸ்க்கை அன்மவுண்ட் செய்துவிட்டு, காலி ஃபோல்டருக்கு 'சிஎச்ஏடிடிஆர் +ஐ' போடுங்கள். பிறகு ரூட்டாலும் அதில் எழுத முடியாது; டிஸ்க் மவுண்ட் ஆனதும் வழக்கம்போல எழுதலாம்.

டிஸ்க் அடிக்கடி தானாகத் துண்டிக்கப்பட்டால், முதலில் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். ராஸ்பெர்ரி பை 4-இல் நான்கு யூஎஸ்பி போர்ட்டுக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான். சுழலும் டிஸ்க் இரண்டு மாட்டினால் தாங்காது. தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப் வாங்குங்கள்.