பல் மருத்துவம் சேரப் போகிறவர்களுக்கு: ஃபைலை இப்போதே கட்டுங்கள்

நீட் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் ஏலகிரி, ஜோலார்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர் பிள்ளைகளுக்கும் பெற்றவர்களுக்கும் இந்தக் குறிப்பு. "பி.டி.எஸ். இன்டர்வியூவுக்கு என்னென்ன எடுத்துக்கிட்டுப் போகணும்?" என்று அத்தனாவூரிலிருந்து ஆம்பூர் பஜார் வரை கேட்கிறார்கள். முதலில் நிம்மதியான சேதி: தமிழ்நாட்டில் இன்று அப்படி ஓர் இன்டர்வியூவே கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. மருத்துவச் சேர்க்கையில் நேர்காணலுக்கு மதிப்பெண் போட்ட விதத்தை எதிர்த்துப் பெரியகருப்பன் என்பவர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பிரிட்டனில் சில பல் மருத்துவக் கல்லூரிகள் கம்பியை வளைக்கச் சொல்லிக் கைத்திறன் பார்ப்பதுண்டு. இங்கே 2017 முதல் நீட் மதிப்பெண், இட ஒதுக்கீடு, சான்றிதழ் மூன்றும்தான் பேசும். மெழுகில் பல் செதுக்குவதெல்லாம் சேர்ந்த பிறகு முதல் வருடப் பாடம்.

ஆகவே தயார் செய்ய வேண்டியது பதில்கள் அல்ல, காகிதங்கள். அதில் சிக்கல் பண்ணுவது தாலுகா ஆபீஸ் காகிதங்கள்தான். மே, ஜூனில் ஜமாபந்தி நடக்கும். ஜூன் 30-ல் பசலி ஆண்டு முடியும். கிராம நிர்வாக அலுவலர், ஆர்.ஐ., தாசில்தார் எல்லாரும் கணக்கேட்டோடு உட்கார்ந்திருக்கும் நேரம் அது. நீங்கள் இ-சேவையில் 60 ரூபாய் கட்டிப் போடும் மனு இந்த மூன்று மேசையையும் தாண்டித்தான் வர வேண்டும். நீட் முடிவு வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால், மாநில விண்ணப்பம் திறந்திருக்கும் சில நாட்கள் வி.ஏ.ஓ. வாசலிலேயே போய்விடும். ரேங்க் எதுவானாலும் சரி, மனுவை இந்த வாரமே போடுங்கள்.

ஏலகிரி மலையாளி பழங்குடியினருக்குத் தனியாக ஒரு வார்த்தை. எஸ்.டி. சாதிச் சான்று தாசில்தார் தருவதல்ல. கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோதான் தர வேண்டும். விசாரணை உண்டு, நாள் பிடிக்கும். அப்பா, பெரியப்பா, அத்தை என்று வீட்டில் யாரிடம் பழைய சான்று இருந்தாலும் நகலை மனுவோடு சேருங்கள். எஸ்.டி.க்கு இருப்பது 1 சதவீத ஒதுக்கீடு. அதையும் காகிதம் இல்லாமல் விட்டுவிடக் கூடாது. ஆம்பூர், வாணியம்பாடி முஸ்லிம் பிள்ளைகள் 3.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு வருவதானால், சான்றில் லெப்பை, தக்கனி, ஷேக், சையத் என்று பட்டியலில் உள்ள பிரிவின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் 'முஸ்லிம்' என்றிருந்தால் போதாது. அகில இந்திய ஒதுக்கீட்டின் 15 சதவீத இடங்களுக்கும் போடுகிற பி.சி., எம்.பி.சி. பிள்ளைகளுக்கு மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்று வேறாக வேண்டும். மாநிலச் சான்று அங்கே செல்லாது.

அடுத்தது பெயர். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் 'முகமது', ஆதாரில் 'மொஹம்மத்', நீட் அட்டையில் இனிஷியல் முன்னால், சாதிச் சான்றில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் என்று நம் பக்கத்தில் சர்வசாதாரணம். எல்லாவற்றையும் தரையில் வரிசையாகப் பரப்பி, ஓர் எழுத்து விடாமல் ஒப்பிட்டுப் பாருங்கள். பத்தாம் வகுப்பில் உள்ளதையே மூலமாக வைத்து, புதிதாக எடுக்கும் சான்றுகளை அதே எழுத்தில் கேளுங்கள்.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 2020 சட்டப்படி 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. கல்விக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. ஒவ்வொரு பள்ளியிலும் தலைமையாசிரியர் கையெழுத்தோடு படிப்புச் சான்று வாங்க வேண்டும். மலைமேல் ஒரு பள்ளி, கீழே இறங்கி ஒரு பள்ளி என்றால் இரண்டுக்கும் நடக்க வேண்டியதுதான். ஆம்பூர், வாணியம்பாடியின் பழைய பேர்பெற்ற பள்ளிகள் பல அரசு உதவி பெறுபவை. அவை இந்தக் கணக்கில் வராது. அது நியாயம்தானா என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது, ஆனால் விதி அப்படி. குப்பத்திலோ பெங்களூரிலோ சில வகுப்பு படித்த பிள்ளைகளுக்குப் பிறப்பிடச் சான்றும், பெற்றோர் இங்கத்தியவர்கள் என்று காட்டும் ஆவணங்களும் வேண்டும். வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அதற்கும் சான்று எடுங்கள். ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் அந்தச் சலுகை. வருமானச் சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும். போன வருடத்தது வேண்டாம்.

இதற்கிடையே 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஆர்ட்ஸ் கல்லூரியிலோ இன்ஜினியரிங்கிலோ சேர்ந்து டி.சி.யைக் கொடுத்துவிட்டவர்கள் உண்டு. அசல் அங்கே இருப்பதாக அந்தக் கல்லூரி லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அசலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-லேயே சொல்லியிருக்கிறது, தர மறுத்தால் அதைச் சொல்லிக் கேளுங்கள். புரோக்கர் கையில் மட்டும் அசலைக் கொடுக்காதீர்கள்.

பொதுப் பிரிவுக் கலந்தாய்வு இப்போது ஆன்லைனில்தான். 7.5 சதவீதம், சிறப்புப் பிரிவுகளுக்கு நேரில் அழைப்பார்கள். இடம் கிடைத்தபின் எல்லாரும் அசலோடு கல்லூரிக்குப் போகத்தான் வேண்டும். திருப்பத்தூர், வேலூர், ராணிப்பேட்டை மூன்று மாவட்டத்திலும் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இல்லை. தமிழ்நாடு முழுக்கவே சென்னை, கடலூர் மாவட்டத்து அண்ணாமலைநகர், 2023-ல் தொடங்கிய புதுக்கோட்டை, இவ்வளவுதான். போகும்போது ஒதுக்கீட்டு ஆணை, நீட் அட்டை, மதிப்பெண் அட்டை, பத்து, பன்னிரண்டு மதிப்பெண் பட்டியல், டி.சி., மேற்சொன்ன சான்றுகள், ஒரே மாதிரியான பாஸ்போர்ட் புகைப்படங்கள், இரண்டு செட் ஜெராக்ஸ். எதையும் லேமினேட் செய்யாதீர்கள். மழைக்காலம் என்பதால் ஜிப் வைத்த பிளாஸ்டிக் ஃபைல் நல்லது. ஷூ கம்பெனிக்கோ டேனரிக்கோ போகிற அம்மா அப்பா லீவை முன்கூட்டியே சொல்லி வைக்கட்டும். அழைப்புக்கும் போக வேண்டிய நாளுக்கும் நடுவே அதிக அவகாசம் இருக்காது.

தேதி, படிவம், தகவல் தொகுப்பேடு எல்லாவற்றையும் மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக்குழு இணையதளத்தில் மட்டும் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வரும் தேதியை நம்பி யாரும் மலையிறங்க வேண்டாம்.