திருவில்லிபுத்தூர்த் தேர்தற் களம்

1952-ஆம் ஆண்டு முதற் பொதுத்தேர்தலிலே திருவில்லிபுத்தூர்ப் பாராளுமன்றத் தொகுதியில் வாகை சூடியவர் விருதுநகர் தந்த காமராசர். அதே தேர்தலிற் சட்டமன்றத்திற்கு நின்ற சென்னை முதன்மந்திரி, இராசபாளையத்துக் குமாரசாமி ராஜாவோ தோல்வியுற்றார். இருவரும் காங்கிரஸார். ஆளும் பதவியும் பிறந்த மண்ணும் ஒருவர்க்குத் துணைநில்லாமை ஈண்டு நோக்கத்தக்கது; கட்சியின் பெயரே வாக்கனைத்தையும் ஈட்டும் என்பார் கூற்று இங்கு நில்லாது.

1954-இல் காமராசர் முதன்மந்திரியாகித் தில்லிப் பதவியைத் துறந்தார். 1957-இல் இத்தொகுதி காங்கிரஸை எதிர்த்த முத்துராமலிங்கத் தேவரைத் தேர்ந்தது.

பின்னர்த் தொகுதியின் பெயரே மறைந்தது. சிவகாசித் தொகுதியிலிருந்த இவ்விரு நகரங்களும், தொகுதிச் சீரமைப்பின் பின், 2009-ஆம் ஆண்டுத் தேர்தல் முதல் தென்காசியுடன் சேர்ந்தன. ஆதலின் இராசபாளையத்து நூலாலைத் தொழிலாளி ஆட்சியரிடம் குறைகூற விருதுநகர் செல்கிறான். அவன் வாக்கோ தென்காசிக்கு உரியது.