திருவக்கரை கல்மரப் பூங்காவுக்குப் போகிறீர்களா?

திண்டிவனத்திலிருந்து மயிலம் வழியாகப் போகலாம். செம்மண் பொட்டல், நிழல் குறைவு; காலையிலேயே போய்விடுங்கள். தொப்பி, ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர், நல்ல பிடிப்புள்ள செருப்பு கட்டாயம். சரளைக்கல் வழுக்கும்.

அங்கே கிடப்பவை சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் அடித்து வந்த மரங்கள். அதனால்தான் பெரும்பாலானவற்றில் வேரும் கிளையும் இல்லை. மண்ணுக்குள் புதைந்து, சிலிக்கா ஊறிக் கல்லாகிவிட்டன. ஒரு மரத்தின் அருகே குந்தி உட்கார்ந்து பாருங்கள்: கணுவும் நாரோட்டமும் அப்படியே தெரியும், தட்டினால் கல். பிள்ளைகளுக்கு இதைக் காட்டாமல் திரும்பாதீர்கள்.

சிறு சில்லைக்கூட எடுத்து வராதீர்கள். இந்திய புவியியல் ஆய்வுத் துறை காத்துவரும் இடம் அது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை போனால், மரக்காணம் பக்கம் கழுவேலி ஏரியில் வலசைப் பறவைகளையும் பார்த்துவிடலாம்.