அடுப்படியில் கணக்கு, பந்தியில் தாராளம்

அரூரில் சின்னதாக ஓட்டல் நடத்தும், நடத்தப்போகும் தம்பி தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். மும்பையில் 2006-ல் பார்பிக்யூ நேஷன் தொடங்கிய பிறகு, ஒரே விலைக்கு வேண்டுமட்டும் சுட்ட கறி சாப்பிடும் பழக்கம் பெரிய நகரங்களில் வேரூன்றிவிட்டது. சேலத்திலும் பெங்களூரிலும் சாப்பிட்டுவிட்டு வரும் நம் பிள்ளைகள், "இங்கேயே போட்டால் என்ன?" என்று கேட்கிறார்கள். தாராளமாகப் போடலாம். கறியைக் கம்பியில் கோத்துச் சுடுவது நமக்குப் புதிதல்ல. பொருநராற்றுப்படையிலேயே அந்த விருந்து இருக்கிறது. புதிது, 'அளவில்லை' என்ற வாக்கு மட்டும்தான். அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டுமானால் கணக்கெல்லாம் அடுப்படியிலேயே முடிந்திருக்க வேண்டும்.

1. மெனு எழுதும் முன் காலண்டரைப் பாருங்கள்.

செவ்வாய், வெள்ளி, சனியில் பாதிக் குடும்பங்கள் கறி தொடாது. அமாவாசை, கிருத்திகையும் அப்படித்தான். புரட்டாசி முழுவதும் மந்தம். கார்த்திகையில் மாலை போட்டால் வீடே சைவம். தீர்த்தமலைக் கோயிலுக்குப் போய்த் திரும்புகிறவர்களை நம்பிக் கோழி வாங்காதீர்கள். புழுதியூர் புதன் சந்தைக்கு வருகிற வியாபாரிக்குக் கால்மணி நேரத்தில் வயிறு நிறைய வேண்டும். அவருக்குச் சாப்பாடு போடுங்கள், பஃபே வேண்டாம். பஃபேக்கு ஞாயிறு மதியம் 12 முதல் 3.30 வரை, வாரம் ஒரு வேளை. அதை ஆறு மாதம் ஒழுங்காக நடத்திவிட்டு அடுத்த நாளைப் பற்றி யோசியுங்கள்.

2. தலைக்கணக்கு போட்டுத்தான் விலை சொல்லுங்கள்.

பக்கத்து ஊரில் என்ன விலை என்று பார்த்து எழுதுவது விலை ஆகாது. உதாரணத்துக்கு 50 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுத்தம் செய்த கோழி ஆளுக்கு 250 கிராம், மொத்தம் 12.5 கிலோ. கிலோ 220 ரூபாய் என்றால் 2,750. கிழங்கு, காய், பனீர், அரிசி, பருப்பு, தயிர், எண்ணெய், மசாலா, கரி, கேஸ், பழம், இலை எல்லாம் சேர்ந்து இன்னொரு 5,250 ஆகும். மொத்தம் 8,000, அதாவது தலைக்கு 160 ரூபாய். கூலி, வாடகை, கரண்ட் சேர்த்து அந்த வேளைக்கு 4,000. இது 10 பேர் வந்தாலும் மாறாது.

விலை 299 வைத்து, அதற்குள்ளேயே 5 சதவீத ஜி.எஸ்.டி. போனால் உங்கள் கைக்கு வருவது 285 ரூபாய். தலைக்கு 125 மிச்சம். 4,000-ஐ 125-ஆல் வகுத்தால் 32. ஆக, 32 பேர் வரும்வரை நீங்கள் ஊருக்கு உழைக்கிறீர்கள்; அதற்கு மேல் வருகிறவர்கள்தான் உங்களுக்கு லாபம். 50 பேருக்கு வாங்கி வைத்து 30 பேர் வந்தால், மிஞ்சிய சாமானும் நஷ்டத்தில் சேரும். கோழி விலை நாளுக்கு நாள் மாறும். பல்லடத்தில் அறிவிக்கும் பண்ணை விலையைத் தினமும் பார்த்து, மாதம் ஒரு முறை இந்தக் கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

3. முன்பதிவு வாங்குங்கள்.

சனிக்கிழமை இரவு 8 மணிக்குள் போன் செய்தால் ஆளுக்கு 20 ரூபாய் குறைவு என்று அறிவியுங்கள். அந்த 20 ரூபாய், வீணாகப் போகும் இரண்டு கிலோ கோழியைக் காப்பாற்றும்.

4. பதார்த்தத்தின் எண்ணிக்கையில் போட்டி போடாதீர்கள்.

நகரத்து ஓட்டலில் 40 வகை வைப்பார்கள். நமக்குக் கம்பியில் ஆறு, பந்தியில் ஆறு போதும். கம்பியில் கோழிக்கால், தயிரில் ஊறிய நெஞ்சுக்கறித் துண்டு, பனீர், காளான், குச்சிக்கிழங்கு, அன்னாசி. பந்தியில் சோறும் களியும், கோழிக் குழம்பு, சாம்பார், ரசம், தயிர், ஒரு இனிப்பு. ஆட்டுக்கறியை இந்த விலையில் தொடவே வேண்டாம். தீபாவளி, பொங்கலுக்குத் தனி விலை வைத்து ஒரு நாள் போடுங்கள்.

5. கோழியில் எதையும் வீணாக்காதீர்கள்.

2 கிலோ உயிர்க்கோழி, தோல் நீக்கினால் ஏறக்குறைய 1.3 கிலோ தேறும். நெருப்பில் சுட்டால் அதிலும் கால்பங்கு எடை குறையும். காலும் தொடையும் கிரில்லுக்கு. எலும்பு வரை மூன்று கீறல் போட்டால்தான் மசாலா இறங்கும், உள்ளேயும் வேகும். நெஞ்சுக்கறி சீக்கிரம் வறண்டுபோகும். அதைச் சிறு துண்டாக்கித் தயிரில் ஊறவையுங்கள். கழுத்து, முதுகு, இறக்கை நுனி எல்லாம் குழம்புக்கு.

6. நம் மண்ணின் விளைச்சலை மேசைக்குக் கொண்டுவாருங்கள்.

அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் விளையும் குச்சிக்கிழங்கு லாரி லாரியாகச் சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. நம் ஓட்டல் தட்டில் அது இல்லை. தோல் சீவி, உப்பும் மஞ்சளும் போட்டு வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் தடவிக் கம்பியில் சுட்டுக் கொடுத்துப் பாருங்கள். குழந்தைகள் கோழியை விட்டுவிட்டு இதைக் கேட்பார்கள். நகரத்து ஓட்டலைப் பார்த்துப் பாஸ்தாவுக்குச் செலவழிக்கும் காசில், எலுமிச்சை அளவு ராகிக் களி உருண்டையும் கோழிக் குழம்பும் வையுங்கள். தர்மபுரி மாவட்டத்துக்காரர்கள் அதைத் தேடி வருவார்கள். மாம்பழ சீசனில் இனிப்புக்கு மாம்பழத் துண்டே போதும்.

7. நெருப்பை அவசரப்படுத்தாதீர்கள்.

கரி செந்தணலாகி, மேலே வெள்ளைச் சாம்பல் பூக்கும்வரை கறியைப் போடக் கூடாது. அதற்கு அரைமணி நேரம் ஆகும். 12 மணிப் பந்திக்கு 11.15-க்கே பற்றவையுங்கள். கம்பிக்கு ஒரு சாண் மேலே உள்ளங்கையைப் பிடித்து ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். நாலு எண்ணுவதற்குள் கை தானாக விலகினால் சூடு சரி. தணலை அடுப்பின் ஒரு பக்கம் கனமாகவும் மறுபக்கம் லேசாகவும் பரப்புங்கள். கனமான பக்கத்தில் நிறம் ஏற்றி, லேசான பக்கத்தில் உள்ளே வேகவிடுங்கள். தேங்காய்ச் சிரட்டைக் கரியில் புகை குறைவு.

மேசைக்கு மேசை அடுப்பு வைக்க ஆசைப்படாதீர்கள். வாசலில் கறிக்கு நீளமாக ஒரே அடுப்பு, சுடச்சுடக் கம்பியோடு மேசைக்குக் கொண்டுபோக ஒரு பையன், அது போதும். மூடிய ஏ.சி. அறையில் கரி மூட்டவே கூடாது. கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் ஆளைக் கொல்லும். அடுப்புக்குப் பக்கத்தில் மணல் வாளியும் தீயணைப்பானும் எப்போதும் இருக்கட்டும்.

8. சைவத்துக்குத் தனி அடுப்பு.

ஆறு பேர் வந்தால் ஒருவராவது சைவமாக இருப்பார். அந்த ஒருவருக்கு மனசு ஒப்பவில்லை என்றால் ஆறு பேருமே வர மாட்டார்கள். தனிக் கம்பி, தனிக் கத்தி, தனி இடுக்கி வையுங்கள், விலையும் 229 என்று குறையுங்கள்.

9. சுத்தத்தில் சலுகையே கிடையாது.

2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுப் பெண்பிள்ளை இறந்துபோனாள். சேலத்துக்கு அடுத்த மாவட்டம் அது. மசாலா தடவிய கோழி 5 டிகிரிக்குக் கீழே பிரிட்ஜில் இருக்க வேண்டும். வெந்த கறியின் நடுவில் 74 டிகிரி இருக்க வேண்டும். அதைப் பார்க்க ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள். பந்தியில் வைக்கும் குழம்பு 60 டிகிரிக்குக் குறையக் கூடாது. பச்சைக் கோழி வைத்த தட்டில் வெந்த கோழியை வைக்காதீர்கள். பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை போட்டது. தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது வேண்டாம், புதினாச் சட்னி அரையுங்கள். கபாபில் செயற்கை நிறம் சேர்ப்பதைக் கர்நாடகம் 2024 ஜூனில் தடை செய்தது. நல்ல மிளகாய்த்தூளும் நம் ஊர் மஞ்சளும் தருகிற நிறமே போதும். மிஞ்சிய கறி மறுநாள் பிரியாணிக்குப் போகக் கூடாது.

10. சட்டத்தை முதல் நாளே முடித்துவிடுங்கள்.

உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, சான்றின் நகலைச் சுவரில் மாட்டுங்கள். 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டர் ஓட்டலில் கூடாது. 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான். வரியோடு சேர்த்த விலை வாசல் பலகையிலேயே இருக்கட்டும். பில்லைப் பார்த்து முகம் சுளித்தவர் மறுபடி வருவதில்லை.

11. பந்தியில் கைச்சுருக்கம் வேண்டாம்.

களியையும் சோற்றையும் முதலில் தள்ளி வயிற்றை அடைத்துவிட்டு, கோழியைத் தாமதப்படுத்தும் தந்திரம் சில இடங்களில் உண்டு. அதைச் செய்யாதீர்கள். உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் முதல் கம்பி தட்டில் இருக்க வேண்டும். ஒவ்வொரு தரமும் கொஞ்சமாக, பல தரம் பரிமாறுங்கள். வீண் குறையும், சூடும் குறையாது. நான்காவது கால் கேட்கிற பையனை முறைக்காதீர்கள். அவன் அதிகம் சாப்பிடுவதையும், அவன் தாத்தா ஒரு துண்டோடு எழுந்துவிடுவதையும் சேர்த்துத்தான் 250 கிராம் என்று போட்டோம்.

12. ஞாயிறு மாலை நோட்டு எழுதாமல் கடையைச் சாத்தாதீர்கள்.

எத்தனை பேர், எத்தனை கிலோ, எது முதலில் தீர்ந்தது, எது மிஞ்சியது. நாலு வரி போதும். மூன்று மாத நோட்டு கையில் இருந்தால் யாரிடமும் யோசனை கேட்க வேண்டியதில்லை, என்னிடமும் வேண்டாம். நியாயமான விலையில் குடும்பத்தோடு உட்கார்ந்து நிறைவாகச் சாப்பிட நம் ஊரிலும் ஓர் இடம் வேண்டும். அதை நீங்கள் உண்டாக்குங்கள்.