காலையில் நொண்டும் பிள்ளையும் இரத்தம் சொல்லும் சேதியும்



காலையில் பாயை விட்டு எழும்பும்போது பிள்ளை நொண்டுகிறது. பத்து மணிக்கெல்லாம் ஓடி விளையாடுகிறது. "படித்துறையிலே வழுக்கி விழுந்திருப்பான்" என்பார் தகப்பனார். "சுளுக்குதான், எண்ணெய் போட்டு உருவினாச் சரியாப் போகும்" என்பாள் ஆச்சி. சில நாளில் சரியானால் நல்லது. மூட்டு வீங்கி, ஆறு வாரமாகியும் வடியாவிட்டால் அது குழந்தை மூட்டுவாதமாக இருக்கலாம். வாதம் வயதானவர்களுக்கு மட்டுமல்ல, 16 வயதுக்குள்ளும் வரும். அதற்காக ஆறு வாரம் காத்திருக்கவும் வேண்டாம். காய்ச்சலோடு மூட்டு வீங்கி, காலை ஊன்றவே மாட்டாமல் அழுதால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

இந்த நோய் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வழியில் போவதில்லை. தாமிரபரணித் தண்ணீர் கலங்கி வந்தால் மேலே மழை என்று நாம் தெரிந்துகொள்கிறோம் அல்லவா? அதுபோல இரத்தத்திலுள்ள சில புரதங்கள் முன்கூட்டிச் சேதி சொல்லும். சி.ஆர்.பி. என்பது உடம்பில் அழற்சி இருந்தால் ஈரல் கூடுதலாகச் சுரக்கும் புரதம். ஆர்.எஃப். என்ற புரதம் திரும்பப் பார்த்தும் இருந்தால் நோய் கடுமையாகப் போகக்கூடும். ஆனால் இவை சரியாக இருந்தாலே நோய் இல்லை என்று ஆகிவிடாது.

ஏ.என்.ஏ. இருக்கிறது என்றால் கண்ணைக் கவனியுங்கள், முக்கியமாகச் சின்னஞ்சிறு பிள்ளைக்கு. கண் சிவக்காது, வலிக்காது, பிள்ளையும் சொல்லத் தெரியாது. உள்ளுக்குள்ளேயே அழற்சி வந்து பார்வை போய்விடலாம். ஆகவே கண் நன்றாகத் தெரிந்தாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண் டாக்டர் கருவி வைத்துப் பார்க்க வேண்டும்.

"ஏங்க, பிள்ளைக்குத்தான் வலியே இல்லையே, மாத்திரையை நிறுத்திருவோமா?"

பஸ் செலவும் ஒருநாள் கூலியும் போகிற வீட்டில் இப்படிக் கேட்பது நியாயந்தான். 2010-இல் ஓர் ஆய்வு வெளியானது. நோய் அடங்கிய 364 குழந்தைகளில் ஒரு பிரிவுக்கு 6 மாதத்திலும் மறு பிரிவுக்கு 12 மாதத்திலும் மெதோட்ரெக்சேட் மருந்தை நிறுத்தினார்கள். இரண்டிலுமே பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நோய் திரும்பிவிட்டது. யாருக்குத் திரும்பியதோ அவர்கள் இரத்தத்தில், வெள்ளணுக்கள் வெளிவிடும் கால்புரோடெக்டின் என்ற புரதம் முன்பே கூடுதலாக இருந்தது. வெளியே வீக்கம் வடிந்தாலும் உள்ளே கனல் இருந்திருக்கிறது! இந்தப் பரிசோதனை எல்லா ஊரிலும் செய்வதில்லை. ஆகையால் மருந்தை எப்போது குறைப்பது, எப்போது நிறுத்துவது என்பதை டாக்டரிடமே விட்டுவிடுங்கள்.

மெதோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே நாள் கொடுக்கும் மருந்து. தினமும் கொடுத்தால் ஆபத்து. கிழமையைக் காலண்டரில் குறித்து வையுங்கள். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும்போது பழைய இரத்தச் சீட்டுகளையெல்லாம் சேர்த்துக் கொண்டுபோங்கள்.