சோலார் பம்புக்கு எர்த் கம்பியின் பருமன்

சேலம் ஜில்லா ஓமலூர் தாலுகாவின் மேட்டு நிலங்களில் கிணறுகள் பெரும்பாலும் பாறையை உடைத்து வெட்டப்பட்டவை. செம்மண் சில அடி ஆழமே இருக்கும். அதன்கீழ் மக்கிய பாறையும் பின்னர் கெட்டிப் பாறையும் வரும். 2019-ம் வருஷத்தில் மத்திய சர்க்கார் தொடங்கிய பி.எம்.-குசும் திட்டத்தின்படி, தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறை மானியத்துடன் சோலார் பம்புகளை அமைத்துத் தருகிறது. இவற்றை அமைக்கும்போது தகடுகளையும் மோட்டாரையும் நுட்பமாகப் பார்வையிடும் நிலச்சொந்தக்காரர்கள், எர்த் கம்பியையும் அவ்வாறே பார்வையிடுதல் அவசியம்.

சாதாரண மின்சார லயனில் கம்பி பழுதுபட்டு இரும்பைத் தொட்டால் பெரும் மின்னோட்டம் பாய்ந்து பியூஸ் எரிந்துவிடும். சோலார் தகட்டின் இயல்பு வேறு. 540 வாட் தகடு வேலை செய்கையில் சுமார் 13 ஆம்பியர் தரும். இரு முனைகளையும் நேரே சேர்த்தாலும் 14 ஆம்பியருக்குச் சற்று முன்பின்னாகவே தரும். ஆகையால் பியூஸ் எரிந்து எச்சரிக்கை செய்யும் என்று நம்பியிருக்க இயலாது. வெயில் உள்ளவரை பழுது நீடிக்கும். பத்துத் தகடுகளைத் தொடராக இணைத்தால் மின்னழுத்தம் 500 வோல்ட்டை நெருங்கும் என்பதையும், பாத்தியில் நிற்பவரின் கால்கள் ஈரமாயிருக்கும் என்பதையும் மறத்தலாகாது.

பொது விதியாவது: மின்கம்பியின் பருமன் 16 சதுர மில்லிமீட்டர் வரை இருப்பின், எர்த் கம்பியும் அதே பருமன் இருத்தல் வேண்டும். தகடுகளுக்கு 4 சதுர மில்லிமீட்டர் கம்பி இட்டிருந்தால் கணக்கின்படி எர்த்துக்கும் 4 போதும். ஆனால் மெல்லிய கம்பி மண்வெட்டி பட்டும் மாட்டின் கால் சிக்கியும் அறுந்துபோகும். எனவே தகட்டுச் சட்டங்களைச் சேர்க்கும் தாமிரக் கம்பி 6-க்குக் குறையலாகாது என்றும், இடிதாங்கியோடு சேர்ந்திருந்தால் 16 வேண்டும் என்றும் சர்வதேச விதிகள் கூறுகின்றன. இரும்பாயின் ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு பருமன் தேவை. அதாவது 6-க்குப் பதில் 17, 16-க்குப் பதில் 44. கடைகளில் கிடைக்கும் 25 மில்லிமீட்டர் அகலமும் 3 மில்லிமீட்டர் கனமுமுள்ள ஜி.ஐ. பட்டையின் பருமன் 75. துருவுக்கு ஓரளவு விட்டுக்கொடுத்தாலும் இது இரண்டுக்கும் போதும். தாமிரத்தைப்போல் திருடர் கண்ணையும் இழுக்காது.

கம்பியின் பருமன் மட்டும் பயன் தராது. 6 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பி 20 மீட்டர் நீளத்திற்குப் பத்தில் ஒரு பங்கு ஓம்கூடத் தடை காட்டாது. உலர்ந்த பாறை நிலத்தில் நட்ட ஒற்றைக் குழாயோ 100 ஓமுக்கு மேலும் காட்டக்கூடும். ஆதலால் தகட்டின் நிழலிலேயே குழியிட வேண்டுமென்பதில்லை. வாய்க்கால் ஓரம் போன்ற, ஈரம் காக்கும் தாழ்ந்த இடம்வரை பட்டையைக் கொண்டுபோதல் நலம். இரண்டரை மீட்டருக்குக் குறையாத ஆழம் கிடைக்காவிடில் ஒன்றுக்குப் பதில் இரண்டு மூன்று குழாய்களை இடைவெளி விட்டு நட்டு இணைத்துக்கொள்ளலாம். கரியும் உப்பும் இடுவது பழைய வழக்கம். உப்பு மழையில் கரைந்துபோவதோடு நாகப் பூச்சையும் அரிக்கும். குடிநீர்க் கிணற்றின் அருகே அது கூடவே கூடாது.

தகட்டுச் சட்டங்கள், தாங்கும் இரும்புக் கால்கள், கன்ட்ரோலர் பெட்டி, மோட்டார், இரும்புக் குழாய் யாவும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட வேண்டும். இடிதாங்கிக்குத் தனிக் குழி இருப்பினும், அதனையும் மற்றக் குழியோடு பட்டையால் சேர்க்க வேண்டும். இல்லையேல் இடி விழும்போது இரு குழிகளுக்கும் இடையே பெரும் மின்னழுத்த வேற்றுமை ஏற்படும். முன்னங்காலும் பின்னங்காலும் விலகி நிற்கும் மாட்டுக்கு மனிதரைவிட அபாயம் மிகுதி.

அலுமினியச் சட்டத்தின் மேற்பூச்சு மின்சாரத்தைத் தடுப்பது. பல் வாஷர் இட்டு முடுக்கினால்தான் பூச்சு கீறப்பட்டு இணைப்பு உண்டாகும். வெறும் தாமிரத்தை அலுமினியத்தின்மேல் நேரே வைத்தால் ஈரத்தில் அரிக்கும். ஈயம் பூசிய லக் வேண்டும். குழியின் தடையைப் பங்குனியில், மண் மிக உலர்ந்திருக்கும்போது அளத்தல் வேண்டும். மழைக்காலத்தில் எடுத்த அளவு குறைவாகவே காட்டும். பம்பை ஒப்புக்கொள்ளும் நாளில் அத்தகைய அளவு எழுதப்பட்டிருந்தால், கோடை இடிமழைக்குமுன் மறுபடி அளக்கச் சொல்லலாம்.